மழை ஓய்ந்த கோல்ஃப் மைதானங்களைச் சித்திரைக்காக அவசரப்படுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசியில் பிடித்த மழை தை பிறந்த பின்னும் விட்டுவிட்டுப் பெய்து, மலையகத்தின் கோல்ஃப் மைதானங்களில் பல இடங்களைச் சேறாக்கிவிட்டுப் போயிருக்கிறது. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியாவில் கூட்டம் சேர்வதற்குள் புல்தரையைப் பச்சையாக்கி, எல்லாக் குழிகளையும் ஆட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. அப்படி அவசரப்படுவது மைதானத்துக்குப் பல ஆண்டுகளுக்குத் தீராத கேட்டை விளைவிக்கும். மாசியும் பங்குனியும் மண்ணைக் குணப்படுத்துவதற்குக் கிடைத்த மாதங்கள்; அவற்றை மேற்பூச்சு வேலைகளில் கழித்துவிடக் கூடாது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து, பிற்காலத்தில் புல்தரைப் பராமரிப்பிலும் ஈடுபட்டு ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இரண்டு வேலைகளிலும் கற்றதை வைத்தே பேசுகிறேன்.

கோல்ஃப் வசதி படைத்தவர்களின் விளையாட்டு, அதற்குத் தமிழ்ப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மழைநீர் புகுந்த லயன் அறைகளில் தவித்தவர்களின் தேவை மற்ற எதற்கும் முந்தியது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் 1889 முதல் நுவரெலியாவில் இருந்துவரும் மைதானமாகட்டும், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் திகனைப் பகுதியில் பின்னாளில் அமைந்த மைதானமாகட்டும், புல் வெட்டவும் கான் எனப்படும் வடிகால்களைத் துப்புரவாக்கவும் ஆட்டக்காரர்களின் பைகளைச் சுமக்கவும் செல்பவர்களுள் பலர் நம் வீட்டுப் பிள்ளைகளே. மைதானம் ஒரு பருவம் முடங்கினால் அவர்களுடைய அடுப்புத்தான் முதலில் அணையும். அத்துடன், கட்டடங்கள் நெருங்கிவரும் ஒரு மலைநகரத்தில் மழைநீரை உள்வாங்கக்கூடிய பரந்த புல்வெளி எஞ்சியிருப்பது ஊருக்கே தேவையான ஒன்று. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 100,000 லீற்றர். மண் திறந்திருந்தால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கி மெல்ல வடியும். மண் இறுகியிருந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் தெருவுக்கும் ஓடைக்கும் பாயும்.

நீர் தேங்கிய மண்ணில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிழையான பரிகாரங்கள் எல்லாம் இதை விளங்கிக்கொள்ளாததால்தான் வருகின்றன. நல்ல மண்ணில் துகள்களுக்கிடையே பெரிதும் சிறிதுமான இடைவெளிகள் இருக்கின்றன. சிறியவற்றில் நீர் தங்க, பெரியவற்றில் காற்று நிற்கிறது. வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஒட்சிசன் அந்தக் காற்றிலிருந்தே கிடைக்கிறது. மழை வாரக்கணக்கில் நீடிக்கும்போது பெரிய இடைவெளிகளிலும் நீர் நிறைந்துவிடுவதால், வேர் கீழிருந்து அழுகத் தொடங்கி, ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்த புல் இரண்டு விரற்கடை வேருடன் மேற்பரப்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. மேலே பார்ப்பவருக்கு அது பச்சையாகவே தெரியும். மழை நின்று நான்கு நாள் வெயில் அடித்தவுடன், சுற்றிலும் ஈரம் இருக்கும்போதே அந்தப் புல் வாடுவதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் நீர் பாய்ச்சுபவர்களும் உண்டு.

ஒட்சிசன் இல்லாத மண்ணில் வேறொரு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை கந்தகச் சேர்மங்களைச் சிதைத்து உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டு மண்ணிலுள்ள இரும்புடன் கூடிக் கரிய படலமாகப் படிகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் எழும் அந்தக் கரும்படலத்தைக் கடந்து நீரும் இறங்காது, வேரும் இறங்காது. ஆகவே எந்த மைதானத்திலும் முதல் வேலை பசளை மூட்டையை அவிழ்ப்பதாக இருக்கக் கூடாது. குழியைச் சூழ்ந்த நுண்புல் தரையாகிய கிறீன் ஒவ்வொன்றிலும், நீர் தேங்கிய இடத்தில் ஒன்றும் தேங்காத இடத்தில் ஒன்றுமாக, 20 சென்டிமீற்றர் ஆழத்துக்கு மண்ணைக் கட்டியாக வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். வேர் எதுவரை போயிருக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது, மணம் என்ன, எந்த ஆழத்தில் மண் கத்தியைத் தடுக்கிறது என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இலட்சக்கணக்கில் மணலுக்கும் மருந்துக்கும் செலவழிப்பது நியாயமில்லை.

நம் காலநிலை இந்த வேலைக்குக் கொடுக்கும் அவகாசம் குறுகியது. இங்கிலாந்தில் மழை மிகுந்த குளிர்காலம் போனால், மண் சூடேறிப் புல் வளரும் நீண்ட வசந்தமும் கோடையும் அங்கே உண்டு. அந்நாட்டுக் கைநூல்கள் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டவை. 6,000 அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவுக்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர். இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும் ஓய்ந்த பின், வைகாசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி வந்து சேர்வதற்குள், உண்மையில் காய்ந்த காலம் என்று மாசியையும் பங்குனியையுமே சொல்லலாம். அதிலும் தையின் பிற்பகுதியிலும் மாசியிலும் சில விடியல்களில் உறைபனி படிகிறது. உறைந்த இலையின் மேல் கால் வைத்தால் அதன் உயிரணுக்கள் உடைந்து, மத்தியானத்தில் ஒவ்வொரு காலடியும் கருந்தடமாகத் தெரியும்; ஆகவே வெயில் ஏறிப் பனி தானாக உருகும்வரை வேலையாட்களும் புல்லில் இறங்கக் கூடாது. திகனைப் பகுதி தாழ்வாக, வெப்பமாக இருப்பதால் அங்கே புல் விரைவாக மீளும். அந்த நாட்கணக்கை நுவரெலியாவுக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு.

எனவே, ஈரம் வடியாத பகுதிகளை மூடிவைக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். நனைந்த களிமண்ணில் நடப்பதும், ஆட்டக்காரர்களின் வண்டியை ஓட்டுவதும், பாரமான புல்வெட்டும் இயந்திரத்தை இறக்குவதும் மண்ணின் இடைவெளிகளை நசுக்கிவிடுகின்றன. காய்ந்த மண்ணில் நூறு பேர் நடந்து செய்யாத சேதத்தை ஈர மண்ணில் பத்துப் பேர் செய்துவிடுவார்கள். ஒரு குழியின் கிறீன் குழைந்திருந்தால், அதற்கு முன்னே, கிறீனுக்கு இட்டுச்செல்லும் புல்வெளியாகிய பெயார்வேயில் உலர்ந்த ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, புல்லைச் சற்றுக் கட்டையாக வெட்டித் தற்காலிகக் குழி அமைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் ஒரே வழியில் போய்ப் பாதை போடாதபடி கயிற்றை வாரத்துக்கு ஒரு முறையாவது மாற்றிக் கட்ட வேண்டும். இவை சிறிய காரியங்கள்தான். ஆனால் யாராவது ஒருவர் "இன்று இங்கே ஆட்டம் இல்லை" என்று உறுதியாகச் சொல்லும் அதிகாரத்துடன் இருந்தால் மட்டுமே நடக்கும். அந்த அதிகாரம் மண்ணைத் தினமும் மிதித்துப் பார்க்கும் மைதானப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். வரவு செலவைப் பார்க்கும் அலுவலகத்திடம் இருக்கக் கூடாது.

இனி வடிகாலைப் பற்றிச் சொல்கிறேன். என் மனதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் இதுவே. தேயிலை மலையில் கான்வெட்டு என்பது எவ்வளவு மதிப்பான வேலை என்பது நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்காக மெல்லிய சாய்வில் கான் வெட்டி, இடையிடையே மண் தங்கும் குழிகள் விட்டு, அவற்றை ஒரு பெரிய கானில் சேர்த்து ஓடைக்கு இறக்கும் முறையால்தான் நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சரிவுகளில் மண் நிலைத்து நிற்கிறது. மைதானத்துக்கும் அதே அறிவு பொருந்தும். மேட்டிலிருந்து வரும் நீர் புல்தரைக்குள் புகுவதற்கு முன்பே அதை மறித்துத் திருப்பிவிடும் கான் மைதானத்தின் மேல் எல்லையில் இருக்கிறதா, அது மண்ணால் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் மைதானத்தில் தேங்கி நிற்பது அங்கே பெய்த மழை மட்டும் இல்லை. மேலேயுள்ள தெருவும் கூரைகளும் மரக்கறித் தோட்டங்களும் இறக்கிவிட்ட நீரும் அதில் சேர்ந்திருக்கிறது. உள்ளே குழாய் போட்டுச் செலவழிப்பதற்கு முன்பு இந்த வெளிநீரை நிறுத்தினால் பாதிக் கவலை தீரும்.

அடுத்து, துப்புரவைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். கான் ஓடையைச் சேரும் வாய் அடைபட்டிருக்கும்போது மேலே வெட்டுவதெல்லாம் நீரை இன்னொரு பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாகவே முடியும். பழைய நிலக்கீழ்க் குழாய்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் அடைபடுகின்றன: அருகிலுள்ள மரங்களின் வேர் உட்புகுவது, நுண்மண் படிவது, அமிலமும் இரும்பும் மிகுந்த நம் மண்ணில் இரும்பு நுண்ணுயிர்கள் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான கூழை உண்டாக்கிக் குழாயை நிரப்புவது. முதல் இரண்டும் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவதைக் காண்பவர் அதைச் சாதாரணச் சேறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நீரை அழுத்தத்துடன் பாய்ச்சி ஆண்டுதோறும் கழுவாவிட்டால் புதுக் குழாயும் சில பருவங்களில் பயனற்றுப் போகும்.

புதிதாக வடிகால் போட வேண்டிய இடங்களில், 40 முதல் 60 சென்டிமீற்றர் ஆழமும் 10 முதல் 15 சென்டிமீற்றர் அகலமும் உள்ள ஒடுக்கமான வெட்டில், நூறு மீற்றருக்கு ஒரு மீற்றராவது கீழிறங்கும் சாய்வில், துளையிட்ட குழாயை வைத்து, சுற்றிலும் கழுவிய சிறுகல் இட்டு, மேலே பரும்படியான மணலால் நிரப்ப வேண்டும். வெட்டி எடுத்த களிமண்ணையே மறுபடி மேலே போட்டு மூடிவிடும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் குழாய்க்கு மேல் ஒரு மூடியைப் போட்டது போலாகும். கீழே குழாய் காய்ந்து கிடக்க, மேலே நீர் நிற்கும்.

மண்ணுக்குக் காற்று ஊட்டும் வேலை வடிகாலுக்கு அடுத்தது. தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் முள்ளுக்குத்து நடக்கும்போது, முள் என்னும் கவைக்கருவியை ஆழ இறக்கி, மண்ணைப் புரட்டாமல் சற்றே நெம்பிவிட்டு எடுப்பார்கள். இறுகிய கிறீனுக்கும் வேண்டியது அதுதான். இயந்திரம் உள்ள இடங்களில் 20 முதல் 30 சென்டிமீற்றர் ஆழம் போகும் முட்களால் குத்தலாம். இல்லாத இடங்களில் கை முள்ளே போதும், நேரம்தான் கூடுதலாகும். அதற்கு மேலாக, உட்குழாய் வடிவான கூர்களால் மண்ணை உருளையாகப் பிடுங்கி எடுக்கும் முறையும் உண்டு. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகளை 50 மில்லிமீற்றர் இடைவெளியில் எடுத்தால், ஒரு தடவையில் மேற்பரப்பின் 4.5 சதவீத மண் அகற்றப்படுகிறது. அந்த உருளைகளைக் கூட்டி அள்ளிவிட்டு, துளைகளில் மணலை நிரப்பி, தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். மாசியில் ஒரு தடவையும் மழைக்கு முன் ஒரு தடவையுமாக இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்தால் மண்ணின் இயல்பே மாறிவிடும். இதை நனைந்த மண்ணில் செய்யக் கூடாது. களிமண் கையில் உருட்டினால் திரியாக நீளும் நிலையில் முள்ளை இறக்கினால், துளையின் சுவர் பூசி மெழுகியதுபோல் அடைபட்டுப்போகும். உதிரும் நிலை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழைக்குப் பின் சேற்றை மறைக்க லொறிக் கணக்கில் மணலைக் கொட்டுவது எளிதாகத் தோன்றும். களிமண் மேல் தடிப்பாகப் போட்ட மணல் தனி அடுக்காகவே கிடக்கும். அந்த அடுக்குகளின் எல்லையில் நீர் தயங்கி நிற்கும். மேலே சொன்ன கரும்படலம் பெரும்பாலும் அத்தகைய எல்லைகளில்தான் தொடங்குகிறது. துளைகளை நிரப்பியது போக மேலே தூவுவது ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். மணல் கழுவியதாக, 0.25 முதல் 1 மில்லிமீற்றர் வரையான துகள்கள் மிகுந்ததாக இருக்க வேண்டும். உப்புள்ள கடல் மணலும், தூசி கலந்த கட்டட மணலும் புல்லுக்கு ஆகா. ஆற்று மணல் அகழ்வு இந்நாட்டில் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டது என்பதையும், அனுமதியின்றி அள்ளிய மணலால் மகாவலிக் கரைகள் இடிந்து கிடப்பதையும் கழகங்கள் மறக்கக் கூடாது. விளையாட்டுத் தரைக்காக ஓர் ஆற்றங்கரையைக் கெடுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

சிலர் எல்லாக் கிறீன்களையும் உடைத்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்பார்கள். ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட கட்டுமான முறைப்படி, 10 சென்டிமீற்றர் சிறுகல் படுக்கையின் மேல் 30 சென்டிமீற்றர் மணற்கலவை இட்டுக் கட்டினால் நீர் நன்றாக வடியும் என்பது உண்மையே. ஆனால் அது பெருஞ்செலவு. அத்துடன் அத்தகைய மணல் தரை ஊட்டச்சத்தை விரைவில் இழப்பதால், நாளாந்தக் கவனிப்பு கூடுதலாகத் தேவைப்படும். ஊர் மண்ணைக் குவித்துக் கட்டிய பழைய கிறீன்களை வடிகாலாலும் முள்ளுக்குத்தாலும் காப்பாற்ற முடியுமானால், அதை முதலில் செய்து பார்ப்பதே அறிவு. மீள முடியாத ஒன்றிரண்டை மட்டும் புதிதாகக் கட்டலாம்.

பசளையும் மருந்தும் கடைசியில் வர வேண்டியவை. மழை நைதரசனைக் கழுவிக்கொண்டு போயிருப்பதால் புல் மஞ்சளித்திருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி யூரியாவை அள்ளி வீசினால், வேர் இல்லாத புல் மென்மையான இலைகளைத் தள்ளும். குளிரும் ஈரமும் உள்ள நம் மலையில் பூஞ்சைநோய்க்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. மிஞ்சிய நைதரசன் அடுத்த மழையில் ஓடையைச் சேரும். நுவரெலியாப் பள்ளத்தாக்கின் நீர் நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும் மகாவலிக்கும் போகிறது. மரக்கறித் தோட்டங்களின் பசளையே ஏற்கெனவே போதிய அளவு இறங்கும் அந்த நீரில் நாமும் கலக்க வேண்டாம். சிறு அளவாக, வேர் வெள்ளையாகத் துளிர்ப்பதைக் கண்ட பிறகு, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுப்பதே முறை. 2021ஆம் ஆண்டின் இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு விலை எங்கே போனது என்பதை அறிந்த எவரும் ஒரு பிடியைக்கூட வீணாக்கத் துணியமாட்டார்.

சுண்ணாம்பு விடயத்திலும் நிதானம் தேவை. நம் மண் அமிலமானது என்பதால் தேயிலைக்குச் செய்வதுபோல் டொலமைட்டைத் தூவிவிடலாம் என்று தோன்றும். கிறீன்களில் வளரும் நுண்புற்கள் சற்று அமிலமான மண்ணைத் தாங்குபவை. அளவு மீறி அமிலத்தைக் குறைத்தால் களையும் மண்புழுக் கழிவும் சில நோய்களும் கூடும். மண்ணைச் சோதித்த பின்பே முடிவெடுக்க வேண்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும், சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே இருக்க, மலைமண்ணைப் பற்றிய அறிவுக்கு நாம் வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

புல் வெட்டும் உயரத்தைத் தற்காலிகமாகக் கூட்டினாலே பாதிக் குணம் தெரியும். கிறீனில் வழக்கமாக 4 மில்லிமீற்றரில் வெட்டுபவர்கள் 6 அல்லது 7க்கு உயர்த்தினால், இலைப்பரப்பு கூடி, உணவு கூடி, வேர் இறங்கும். பந்து மெதுவாக உருளும் என்பதை ஆட்டக்காரர்கள் சில வாரங்களுக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாசிக்கு இரும்புச் சல்பேற்றுத் தெளிக்கலாம், அது கறுத்துக் காயும். ஆனால் நிழலும் ஈரமும் மாறாத இடத்தில் மீண்டும் வரும். மைதானங்களைச் சுற்றி நிற்கும் சைப்பிரஸ், யூக்கலிப்டஸ் மரங்களில் கீழ்க்கிளைகளைக் கழித்துக் காலை வெயிலும் காற்றும் கிறீனுக்குக் கிடைக்கச் செய்வதே நிலையான மருந்து. மரங்களை அடியோடு வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரிவில் நிற்பவற்றை வெட்டினால் மண் நகரும். கிழக்குப் பக்கத்துக் கிளைகளைக் கழிப்பதே பெரும்பாலும் போதும். வெறுமையாகிப்போன இடங்களில் கிக்குயு புல் தானாகப் பரவி வருவதைக் கண்டு, எப்படியோ பச்சையாகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. மாட்டுப் பண்ணைக்கு அது செல்வம். கிறீனுக்குள் அதன் தண்டு நுழைந்தால் பிறகு கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆட்டத்துக்குத் தடையாக அமைத்த மணற்பள்ளங்களாகிய பங்கர்களில் களி கலந்து இறுகிய மணலை அள்ளி மாற்றுவதும், காட்டுப்பன்றி கிளறிய இடங்களில் புழுவைக் கவனித்துப் புல்லைப் பதிப்பதும் தெரிந்த வேலைகள். அவற்றைப் பற்றி நீட்டி எழுதவில்லை.

இத்தனை வேலைகளையும் செய்யப்போகும் மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கடிதம் நிறைவுறாது. எந்தக் கிறீனின் எந்த மூலையில் நீர் முதலில் எழும்பும், எந்தக் கான் எந்த மரத்தடியில் அடைபடும், முன்பு எங்கே குழாய் போட்டு மூடினார்கள் என்பதெல்லாம் ஏட்டில் இல்லை. அங்கே இருபது, முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் தொழிலாளர்களின் நினைவில் இருக்கிறது. ஓர் இடத்தில், வெளியிலிருந்து வந்த ஒப்பந்தகாரர் புதிய குழாய் போடுவதற்காக வெட்டியபோது, கீழே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வடிகாலையே துண்டித்துவிட்டதை நான் அறிவேன். அந்த இடத்தில் பழைய கான் இருப்பதை அங்கிருந்த ஒரு மூத்த தொழிலாளர் முன்பே சொல்லியிருந்தார். அவருடைய சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை. அதன் பலனாக அந்தக் கிறீன் அடுத்த மழையில் முன்னைவிட மோசமாக முழுகியது.

மழைக்காலத்தில் ஆட்டம் குறைகிறது என்று நாட்கூலிக்காரர்களை நிறுத்திவிட்டு, சித்திரைக்கு முன் புதிதாக ஆட்களைச் சேர்க்கும் வழக்கம் இருக்குமானால் அதைக் கைவிட வேண்டும். உண்மையான வேலை இருப்பதே ஆட்டமில்லாத இம்மாதங்களில்தான். நீர்புகாத காலணி, மழைக்கவசம், மருந்தடிப்பவருக்கு முகக்கவசம், கையுறை ஆகியவற்றைக் கொடுக்காமல் கானுக்குள் இறங்கச் சொல்வது குற்றம். கான்வெட்டும் முள்ளுக்குத்தும் அறிந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், களை பிடுங்குவதிலும் புல் பதிப்பதிலும் கைதேர்ந்த நம் பெண்களுக்கும், மண்சோதனை, இயந்திரப் பராமரிப்பு, மருந்து அளவு ஆகியவற்றில் முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால், கழகங்களுக்கு நிலையான ஆட்கள் கிடைப்பார்கள். அவர்களுக்கும் வேறு இடத்தில் தலைநிமிர்ந்து வேலை கேட்கும் தகுதி கிடைக்கும். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகும் பிள்ளைகளைத் தடுக்க இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரிலேயே மதிப்புள்ள ஒரு தொழிலாக இதை ஆக்க முடியும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதற்குரிய கைத்திறன் நம் சமூகத்தில் தலைமுறைகளாக இருக்கிறது.

சித்திரைப் பருவத்தை முற்றாக விட்டுக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. விடுதிகளும் வண்டிக்காரர்களும் பைசுமப்பவர்களும் அந்த வாரங்களையே ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கிறார்கள். உலர்ந்த மேட்டுப் பகுதியிலுள்ள குழிகளைத் தெரிவுசெய்து ஒன்பது குழி ஆட்டமாக நடத்தலாம். ஒரு நாளில் இறங்கும் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கலாம். ஆட்டக்காரர்களின் வண்டிகளை நிறுத்திவிட்டு, பைசுமப்பவர்களைக் கட்டாயமாக அழைத்துச் செல்லும்படி விதிக்கலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டால் மண்ணும் பிழைக்கும், நம் பிள்ளைகளின் வருமானமும் குறையாது. எந்தக் குழி ஏன் மூடியிருக்கிறது, அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசலில் வைத்தால், வருபவர்களில் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

வைகாசி மழைக்கு முன்பு ஒவ்வொரு கழகமும் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இன்னும் இருக்கிறது. மைதானத்தின் கான்கள், நிலக்கீழ்க் குழாய்கள், அவற்றின் வாய்கள், நீர் தேங்கும் இடங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதை மூத்த தொழிலாளர்களை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் காட்டும் இடங்களைத் தோண்டிப் பார்த்து உறுதிப்படுத்தி வரைய வேண்டும். அதற்குச் செலவாகும் நாட்களுக்கு அவர்களுக்கு முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அவர்களில் சிலர் இந்த ஆண்டிலேயே ஓய்வுபெறப் போகிறார்கள். வரைபடத்தின் ஒரு பிரதியை நகரின் வடிகாலைப் பார்க்கும் மாநகர சபைக்கும் கொடுத்தால், மேலேயிருந்து வரும் தெருநீரை எங்கே திருப்புவது என்பதைக் கழகமும் சபையும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்க்க முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்,
நானுஓயா.